தண்டையார்பேட்டை அம்பாசிடரின் ஹெடரும் ஹீட் ராப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1980களின் நடுவில் வந்த மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சொந்தக்காரர் துறைமுகத்தில் இழுவைப் படகின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு தண்டையார்பேட்டையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வண்டி தினமும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன், வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயில், எப்போதாவது பொன்னேரி பக்கம் உறவினர் வீடு. மற்ற நாளெல்லாம் தெருவோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். பின்னால் நடந்ததற்கும் இப்படி நின்றதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, இன்ஜின் பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ். இதில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் சிலிண்டர் ஹெட்டின் (இன்ஜினின் மேல்மூடி) ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் புகைக் குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். குளிர் நாட்டில் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இன்லெட் மேனிஃபோல்டின் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அடிவயிறு புகைச் சூட்டில் காய்ந்தால்தான் பனிக்காலக் காலையில் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகி இன்ஜின் திணறாமல் ஓடும். கத்திரி வெயிலில் மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும் வண்டிக்கு அந்தச் சூடு தேவையே இல்லை.

இன்னொரு விஷயம். நான்கு சிலிண்டர் இருந்தாலும் புகை வெளியேறும் வாய் மூன்றுதான். முதல் சிலிண்டருக்கும் நான்காவதுக்கும் தனித்தனி வாய். நடுவில் இருக்கும் 2, 3 சிலிண்டர்கள் இரண்டும் ஒரே வாய் வழியாகத்தான் புகையைத் தள்ளும். ஆகவே நடுக் குழாய்க்கு மற்றவற்றைவிட இரு மடங்கு வேலை, அதற்கேற்ற சூடு.

இந்த வண்டியில் கம்பெனி வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வாய்களோடு சேரும் குழாய்த் தொகுதி) சில வருடங்களுக்கு முன் விரிசல் விட்டது. நல்ல நிலையில் மாற்று கிடைக்காததால் ஒரு லேத் பட்டறையில் 16 கேஜ் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) குழாயில், மூன்று புகை வாய்களையும் ஒரே குழாயில் சேர்க்கும் ஹெடர் ஒன்றைச் செய்து மாட்டியிருந்தார்கள். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர் கனம். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் தகடு மாதிரிதான். சூட்டை உள்ளே வைத்துக்கொள்ளாமல் உடனே வெளியே வீசிவிடும்.

புகார்

எங்கள் ஷெட்டுக்கு வண்டி வந்தது ஏப்ரல் கடைசியில். புகார் தெளிவாக இருந்தது. காலையில் முதல் செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஓடும்போது குறை இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று, இன்ஜினை அணைத்துவிட்டு, கேட் திறந்ததும் ஸ்டார்ட் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். பழைய டாக்ஸிக்காரர்கள் செய்தது போல ஃப்யூயல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்திருக்கிறார், பலன் இல்லை. இடது பக்கம் உட்காரும் மனைவிக்குக் காலடியில் சூடு தாங்கவில்லை.

வரும்போதே தீர்வையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். புகைக் குழாயின் மேல் சுற்றும் 2 இன்ச் அகலக் கண்ணாடி இழைப் பட்டை, அதாவது ஹீட் ராப், ஒரு ரோல், அதைக் கட்டுவதற்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டை ஒரு கட்டு. "இதை ஹெடர் முழுக்க சுத்திக் குடுத்துடுங்க தம்பி, அது போதும்" என்றார்.

ராப் சுற்றுவதற்கு முன் பார்த்தவை

வாங்கி வந்ததைச் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்குவது சுலபம். ஆனால் ஹெடர் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று தெரியாமல் அதை மூடுவது சரியாகப் படவில்லை. எங்கள் ஷெட்டின் மேஸ்திரியும் அதையே சொன்னார். வண்டியை ஷெட்டில் விடச் சொன்னோம்.

முதலில் பெட்ரோல் வராமல் நிற்கிறதா, அதிகம் வந்து நிற்கிறதா என்று பிரித்துப் பார்த்தோம். இரண்டையும் நம் ஊரில் ஏர் லாக் என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள், ஆனால் மருந்து வேறு வேறு. குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோலே வராது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலில் இருக்கும் பெட்ரோல் கொதித்தால் அது ஜெட் வழியாகப் பொங்கி இன்லெட்டில் வழிந்து இன்ஜினை மூழ்கடிக்கும். வண்டியை எர்ணாவூர் வரை ஓட்டிவந்து, அணைத்து, கால் மணி நேரம் பானெட் மூடியே வைத்திருந்து பிளக்கைக் கழற்றினோம். நுனி ஈரமாக, கறுப்பாக இருந்தது. பானெட்டைத் திறந்தவுடன் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பவுல் கொதிக்கிறது என்பது உறுதியானது. ஈரத்துணி பலிக்காத காரணமும் அதுதான். நோய் கார்புரேட்டரில், மருந்து பம்பில்.

பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி. மல்டிமீட்டரோடு இணைத்த தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) ஃப்ளோட் பவுலில் ஒட்டிப் பார்த்தோம். ஓடும்போது பெரிதாக ஏறவில்லை. அணைத்த பிறகுதான் ஏறியது. ஃபேன் நின்று, காற்று நின்று, ஹெடரில் தங்கிய சூடெல்லாம் மேல்நோக்கிக் கிளம்ப, பதினைந்து நிமிடத்தில் 80 டிகிரியைத் தொட்டது.

அடுத்து, ஹெடர் தேவைக்கு மேல் சூடாகக் காரணம் இருக்கிறதா என்று தேடினோம். இரண்டு கிடைத்தன.

ஒன்று டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்வம் டயஃப்ரம் கிழிந்திருந்தது, பாயிண்ட் இடைவெளியும் தவறியிருந்ததால் பொறி தாமதமாக விழுந்தது. பொறி தாமதமானால் எரிவது சிலிண்டருக்குள் முடியாமல் புகைக் குழாய் வரை நீளும். சூடு அங்கே போய்ச் சேரும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. இந்த இன்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்டையும் ஒரே ஸ்டட்டுகள்தான் பிடிக்கின்றன. ஒரு பெரிய தடித்த வாஷர், பாதி இன்லெட் ஃபிளாஞ்சின் (ஹெட்டோடு பொருந்தும் தட்டையான விளிம்பு) மேலும் பாதி எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சின் மேலும் உட்காரும், நட்டை இறுக்கினால் இரண்டும் சேர்ந்து ஹெட்டோடு அழுந்தும். ஹெடரின் ஃபிளாஞ்ச் இன்லெட்டைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமாக இருந்தது. வாஷர் சாய்ந்து, ஹெடரை மட்டும் அழுத்திக்கொண்டு, இன்லெட்டை அரைகுறையாக விட்டிருந்தது. விரல் நகத்தால் தடவினாலே சாய்வு தெரிந்தது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே, ஹெடர் சூடாவதற்கு முன், அந்த இணைப்பில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது அடித்தோம். ஐட்லிங் சட்டென்று மாறியது. அங்கே காற்று இழுக்கிறது. (சூடான ஹெடர் மேல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும்.) காற்று கூடினால் கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போய்ப் புகையின் சூடு ஏறும். எத்தனால் பெட்ரோல் ஏற்கெனவே பழைய ஜெட்டுக்குக் கலவையை லீன் ஆக்குவதால், இந்த இழுப்பு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

டயஃப்ரம் மாற்றி, பாயிண்டும் டைமிங்கும் சரிசெய்து, லேத்தில் படி வைத்து வெட்டிய வாஷர் போட்டு, பேக்கிங் புதிதாக மாற்றினோம். வண்டி குணமாகவே மாறியது போல் ஓடியது. பவுல் சூடு 80இல் இருந்து 70களின் நடுவுக்கு இறங்கியது. ஆனால் அடங்கவில்லை. கேட்டில் நிறுத்தினால் இரண்டு தடவைக்கு ஒரு தடவை சண்டித்தனம் செய்தது.

சுற்றுவதா, கவசம் வைப்பதா

இங்கேதான் கருத்து வேறுபட்டது.

எங்கள் யோசனை, ஹெடரை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் அலுமினியத் தகட்டில் ஒரு கவசமும், கார்புரேட்டரின் அடியில் தடித்த பேக்கலைட் இன்சுலேட்டரும் வைப்பது. அவர் யோசனை ராப். அவர் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாழ்நாளெல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தவர். "கப்பல்ல 220 டிகிரிக்கு மேல சூடாகிற பைப்பை மூடாம விடக் கூடாதுன்னு ரூல் இருக்கு தம்பி. எண்ணெய் தெறிச்சா இன்ஜின் ரூமே எரியும். இதை மட்டும் ஏன் அம்மணமா விடணும்?"

அந்த 220 டிகிரி விதி உண்மை, கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது. காசிமேட்டு விசைப்படகுகளிலும் புகைக் குழாயைச் சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். மரத்தைக் கருக்காமல் இருக்க, ஆள் கை படாமல் இருக்க. முன்பு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, அது நுரையீரலைத் தின்றுவிடும். இப்போது கண்ணாடி இழை.

மேஸ்திரியின் பதில் இது: "அந்த பைப்பு என்ன கனம் ஐயா, இது என்ன கனம்? அது ஓடிக்கிட்டே இருக்கும். இது வாரத்துல ரெண்டு நாள் ஓடி அஞ்சு நாள் உப்புக் காத்துல நிக்கும்."

மேஸ்திரி சொன்னதில் ராப்பின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. ராப் சூட்டை அழிப்பதில்லை. குழாயின் சுவர் வழியாக வெளியே வீசும் சூட்டைத் தடுத்து, புகையோடேயே பின்னால் அனுப்புகிறது. பானெட்டுக்குள் குளிரும், அது நிஜம். விலையைக் கொடுப்பது குழாயின் இரும்பு. வெளியே வீச வழியில்லாததால் அதன் சூடு புகையின் சூட்டை நோக்கி ஏறும். எம்.எஸ். இரும்பு 500, 550 டிகிரியைத் தாண்டினால் வேகமாகத் துருச்செதிலாக உதிர ஆரம்பிக்கும். பெட்ரோல் இன்ஜினின் புகை முழு இழுவையில் 700 டிகிரியைத் தாண்டும். அப்புறம் ஈரம். துணி தண்ணீரைக் குடித்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும், தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் பந்தய வண்டிக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே ஹெடர் அவ்வப்போது கழற்றி மாற்றுகிற சாமான், மழையில் தெருவில் நிற்பதும் இல்லை. டர்போ வைத்த வண்டியில் புகைச் சூட்டை டர்பைன் வரை கொண்டுபோவதிலும் லாபம் உண்டு. உள்ளே இழுக்கும் காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும், பந்தயத்தில் அதற்கு மதிப்பிருக்கிறது. தண்டையார்பேட்டையில் இருந்து மீன் வாங்கப் போகும் அம்பாசிடருக்கு அந்த ஒரு சதவீதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் ராப்பில்தான் உறுதியாக இருந்தார். வண்டி அவருடையது, காரணங்களும் வெறும் பிடிவாதம் அல்ல. மனைவியின் காலடிச் சூட்டுக்குக் கவசம் உதவாது, ராப் உதவும் என்பதும் நியாயமே. ஆகவே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டோம்: ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வண்டியைக் கொண்டுவர வேண்டும், ராப்பைப் பிரித்துக் குழாயைப் பார்த்த பிறகுதான் மேலே முடிவு. பில்லின் அடியில் அதை எழுதியும் கொடுத்தோம்.

சுற்றியது

ஹெடரைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, உயர் வெப்ப பெயின்ட் அடித்துக் காயவைத்தோம். ராப்பை வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஃபிளாஞ்சில் இருந்து கீழ்நோக்கி இறுக்கமாகச் சுற்றினோம். சுற்றுக்குச் சுற்று கால் இன்ச் மட்டும் மேலேறும்படி வைத்தோம். பாதிக்குப் பாதி மேலே போட்டால் இரட்டைக் கனமாகி இரும்பு இன்னும் வேகும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இழை தோலில் ஏறினால் இரண்டு நாளைக்கு அரிப்பு விடாது.

மூன்று குழாயும் சேரும் இடம்தான் சங்கடம். விரல் நுழையாத சந்து. அங்கே ராப் மடிந்து மடிந்துதான் உட்கார்ந்தது, எவ்வளவு இழுத்தாலும் சமமாக வரவில்லை. முதல் முறை ஓட்டியபோது வெள்ளைப் புகையும் எரிந்த பசை வாடையும் வந்து, அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அது வழக்கமானது.

நடுக் குழாயில் ராப்பின் அடியில் ஒரு தெர்மோகப்பிளைச் செருகி வைத்திருந்தோம். அதே எண்ணூர் விரைவுச்சாலை, அதே ஓட்டம். வெளியே ராப்பின் மேல் சூடு முன்பு குழாயில் இருந்ததில் பாதிதான். கார்புரேட்டர் பவுல் அணைத்த பிறகும் 60 டிகிரியைத் தாண்டவில்லை. உள்ளே இரும்பின் சூடு மட்டும் முன்பைவிட 100 டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. இந்த எண்ணை அவரிடம் காட்டினோம்.

கோடையில்

ராப் தன் வேலையைச் செய்தது, அதில் ஐயமில்லை. அக்னி நட்சத்திரம் நடுவில் ஒருநாள் போன் வந்தது. "கேட்டுல பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி வெச்சேன் தம்பி, ஒரே செல்ஃப்ல எடுத்துடுச்சு." மனைவியும் காலடிச் சூடு போய்விட்டதாகச் சொன்னாராம். செப்டம்பர் வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை.

குறை இல்லாததாலேயே அக்டோபர் பரிசோதனை தள்ளிப்போனது. நாங்கள் நினைவூட்டினோம், தீபாவளி கழியட்டும் என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம் போல் தண்ணீர் நின்றது, சுற்றி வந்த தெருக்களிலும் கணுக்கால் ஆழம். வண்டி அதற்குள் ஓடியிருக்கிறது. பிறகு நாட்கணக்காகத் தெருவில் நின்றிருக்கிறது. சூடாக ஓடினால் ராப் காய்ந்துவிடும், ஆனால் இந்த வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம்.

பிரித்தபோது

பொங்கலுக்குப் பிறகு வண்டி வந்தது, புதுப் புகாரோடு. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடானதும் குறைகிறது. வால்வ் சத்தம் என்று வேறு ஒரு இடத்தில் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். கூடவே சிக்னலில் நின்றால் எண்ணெய் கருகும் வாடை.

ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துத் தேடியபோது சத்தம் ஹெடரின் கீழ்ப்பகுதியில் இருந்து வந்தது. குளிர்ந்த விரிசல் வாய் திறந்து ஊதுகிறது, இரும்பு விரிந்ததும் மூடிக்கொள்கிறது.

ராப்பைப் பிரித்தோம். மேல்பகுதி பரவாயில்லை. நடுக் குழாயின் கீழ்ப் பாதியில் ராப் பழுப்பேறி அட்டையாக விறைத்திருந்தது, பிரிக்கும்போதே நொறுங்கியது. அதன் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இரும்புச் செதில்கள் வந்தன, கை நகம் அளவு, ஏடு ஏடாக. குழாய் சேரும் இடத்தில் வெல்டிங்கின் ஓரம் முழுக்க அரைவட்டமாக விரிசல். ராப் மடிந்து உட்கார்ந்த அதே சந்து. அந்தத் துண்டை வெட்டி எடுத்துக் காலிப்பரில் வைத்துப் பார்த்தோம். 1.6 மில்லிமீட்டராக இருந்த சுவர் பல இடங்களில் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தது. முதல், நான்காம் குழாய்களில் தேய்வு குறைவு. இரண்டு சிலிண்டரின் சூட்டைத் தாங்கிய நடுக் குழாய்தான் முதலில் போயிருக்கிறது.

எங்களை அதிகம் கவலைப்படவைத்தது வேறு ஒன்று. இந்த இன்ஜினில் டேப்பெட் சைடு கவர்கள் புகைக் குழாய்க்குக் கீழே, அதே பக்கத்தில் இருக்கின்றன. அதன் கார்க் பேக்கிங் கசிவது பழைய பி சீரிஸ் இன்ஜின்களில் சாதாரணம். ராப் இல்லாதபோது கசிந்த எண்ணெய் கீழே சொட்டிவிடும், அல்லது குழாயில் பட்டுப் புகைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இங்கே ராப்பின் பின்பக்கம் விளக்குத்திரி போல எண்ணெயை உறிஞ்சி வைத்திருந்தது. பக்கத்தில் விரிசல் வழியாகச் சூடான புகை பீய்ச்சிக்கொண்டிருந்தது. மேலே கார்புரேட்டர். கப்பலில் அவர்கள் குழாயை மூடுவது எண்ணெய் தீப்பிடிக்காமல் இருக்கத்தான், ஆனால் அங்கே சுற்றிய பொருளின் மேல் எண்ணெய் புகாத தகட்டு உறையும் இருக்கும். அந்தத் தகட்டு உறை இந்த ஹெடரில் இல்லை. பெரியவரே அதைப் பார்த்துவிட்டு, "மேலே தகடு போடாம சுத்துறது பாதி வேலை" என்றார்.

விரிசலுக்கு ராப் எவ்வளவு பொறுப்பு

முழுப் பழியையும் ராப் மேல் போட்டால் அது நேர்மையாக இருக்காது. ஹெடர் செய்தபோதே வெல்டிங் சில இடங்களில் ஆழம் போதாமல் இருந்தது. அதைவிட முக்கியமாக, கீழே இறங்கும் குழாயை கியர்பாக்ஸோடு பிடித்துக்கொள்ளும் பிராக்கெட் இல்லை. பழைய வார்ப்பிரும்பை மாற்றியபோதே அது விடுபட்டிருக்கிறது. ஐட்லிங்கில் இன்ஜின் ஆடும் ஆட்டமெல்லாம் சேரும் இடத்து வெல்டிங்கில் விழுந்தது. ராப் இல்லாவிட்டாலும் அங்கே ஒருநாள் விரிசல் வந்திருக்கும் என்று மேஸ்திரி நினைக்கிறார், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் சுவர் இவ்வளவு சீக்கிரம் மெலிந்ததற்கும், செதில் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்ததற்கும், எண்ணெய் தேங்கியதற்கும் வேறு காரணம் சொல்ல இடமில்லை. ராப் மூடியே இருந்ததால் யாரும் பார்க்கவும் முடியவில்லை.

இரண்டாவது முடிவு

வெல்டிங் வைத்து அதே ஹெடரை ஓட்டலாமா என்று அவர் கேட்டார். சுவர் மெலிந்த இரும்பில் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் பக்கத்தில் பிளக்கும். புதிதாகச் செய்வதே சரி என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

புது ஹெடர் 2 மில்லிமீட்டர் குழாயில் செய்யப்பட்டது. ஃபிளாஞ்ச், இன்லெட்டின் கனத்துக்கு இம்மி பிசகாமல் சமமாகத் தேய்க்கப்பட்டதால் படி வைத்த வாஷர் தேவைப்படவில்லை. சேரும் இடத்தில் உள்ளும் புறமும் வெல்டிங் செய்தோம். பிறகு செராமிக் கோட்டிங். ராப் அளவுக்கு அது சூட்டைத் தடுக்காது, ஆனால் இரும்பின் மேல் ஒட்டியே இருப்பதால் இடையில் ஈரம் தங்க இடமில்லை, விரிசல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கியர்பாக்ஸ் பிராக்கெட்டை மீண்டும் போட்டோம். சைடு கவர் இரண்டுக்கும் புது கார்க்.

கார்புரேட்டருக்குக் கீழே முதலில் நாங்கள் சொன்ன கவசம் இப்போது வந்தது. 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு இரண்டு, நடுவில் விரற்கடை இடைவெளி. ஒரு தகடு மட்டும் வைத்தால் அதுவே சூடாகி மேலே வீசும். இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடினால்தான் கவசம் கவசமாக வேலை செய்யும். கார்புரேட்டரின் அடியில் தடித்த பேக்கலைட் இன்சுலேட்டர், அதற்கேற்ப நீளமான ஸ்டட். பெட்ரோல் குழாயை ஹெடருக்குப் பக்கத்தில் இருந்து விலக்கி ஃபெண்டர் ஓரமாகக் கொண்டுபோனோம். எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்தான் போட்டோம். மீதமிருந்த ஹீட் ராப் ரோலில் ஒரு துண்டு, இடது காலடிக்கு நேர் கீழே தரையின் அடிப்பக்கத்தில், ஒரு தகட்டுக்குப் பின்னால் போனது. புகைக் குழாயைத் தொடாமல், காக்க வேண்டிய இடத்தின் மேல். மனைவியின் காலடிச் சூடு அதில் குறைந்தது, முன்பு ராப் இருந்தபோது குறைந்த அளவுக்கு இல்லை. அதை அவர் ஒப்புக்கொண்டே ஏற்றார்.

அடுத்த கோடையில் பவுல் சூடு 55 டிகிரியை ஒட்டியே நின்றது. கொருக்குப்பேட்டை கேட்டில் தகராறு இல்லை. மழைக்கு முன் வந்து காட்டிவிட்டும் போனார். கோட்டிங் நடுக் குழாயில் லேசாக நிறம் மாறியிருந்தது, உரியவில்லை.

இனிமேல் செய்யும் மாற்றம்

ஹெடருக்கு ராப் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வியாக, சூடு எதைத் தொல்லை செய்கிறது என்று கேட்கிறோம். கார்புரேட்டரா, பெட்ரோல் குழாயா, கால்மாட்டா, செல்ஃப் மோட்டாரா. பெரும்பாலும் பதில் ஒரு சின்ன இடத்தில் முடிகிறது, அந்த இடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கவசம் போதுமானதாக இருக்கிறது. அதற்கும் முன் டைமிங்கும் இன்லெட் காற்றுக் கசிவும் பார்க்காமல் வேறு எதையும் தொடுவதில்லை. இந்த வண்டியிலேயே பவுல் சூட்டில் முதல் ஐந்தாறு டிகிரி அந்த இரண்டிலேயே இறங்கியது.

எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டு இருந்தாலும் ராப் சுற்ற மாட்டோம். கடற்கரையோரம் தெருவில் நிற்கும், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஓடும் எம்.எஸ். ஹெடர் வண்டிக்கும் வேண்டாம் என்றே சொல்கிறோம். கேட்பவர் பிடிவாதமாக இருந்தால், குழாய்கள் சேரும் இடத்தையும் வெல்டிங்குகளையும் சுற்றாமல் திறந்தே விடுகிறோம், அங்கே கண் போக வேண்டும். பில்லின் அடியில் எழுதிய தேதி போதவில்லை என்பது தெரிந்ததால், புரட்டாசி முடிவதற்குள் நாங்களே போன் செய்து வண்டியை வரவழைக்கிறோம். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் சத்தம் கேட்டால் டேப்பெட்டைத் தொடுவதற்கு முன் ஹெடரைச் சோதிக்கும்படி பக்கத்து ஷெட்காரர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.